பலகையில் கட்டிப் பார்த்த ஜன்னல்

வீடு கட்டும்போது நான் பிடிவாதம் பிடித்தது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான். முன்கூடத்து ஜன்னல் சுவரோடு சுவராக நின்றுவிடக் கூடாது. தெருப்பக்கம் வெளியே நீண்டிருக்க வேண்டும், அதற்குள் நான் காலை மடக்கி உட்கார இடம் வேண்டும் என்றேன். சமையல் மேடை எந்தப் பக்கம், மாடிப்படி எங்கே, டைல்ஸ் என்ன நிறம் என்று வேறு எதிலும் நான் வாய் திறக்கவில்லை. அதையெல்லாம் என் கணவரும் மேஸ்திரியும் பேசி முடித்துக்கொண்டார்கள். ஒன்பதாவது படிக்கும் என் மகளைக் கேட்டோம். "எனக்குன்னு ஒரு ரூம், அதுக்கு ஒரு கதவு. ஜன்னல் இருந்தா இன்னா, இல்லாட்டி இன்னா?" என்று சொல்லிவிட்டாள்.

படப்பையிலிருந்து ஒரகடம் போகும் சாலையில் இறங்கிக் கொஞ்ச தூரம் உள்ளே நடந்தால் வரும் மனைப்பிரிவில் எங்களுடையது அரை கிரவுண்ட். அதற்கு முன்னால் பதினோரு வருஷம் இருங்காட்டுக்கோட்டையில் வாடகைக்கு இருந்தோம். ஒரு அறை, ஒரு சமையல் இடுக்கு. அந்த அறைக்கும் ஜன்னல் இருந்தது. திறந்தால் ஒரு சாண் தள்ளி அடுத்த வீட்டுச் சுவர். கதவு பாதி தூரம் போய் அந்தச் சுவரில் முட்டி நின்றுவிடும். அந்தப் பாதித் திறப்பில் என் மகள் சோப்பு டப்பா வைத்துக்கொண்டிருந்தாள்.

நான் வேலை பார்ப்பது கார் சீட் செய்யும் ஒரு கம்பெனியில், குவாலிட்டி பிரிவில். அங்கே ஜன்னலே கிடையாது. லாரியில் சரக்கு ஏற்ற ஷட்டரைத் தூக்கும்போதுதான் வெளியே மழையா வெயிலா என்று தெரியும். மழைக்காலத்தில் யாராவது ஷட்டர் பக்கம் போய்வந்தால், "தூறுதா?" என்று லைனில் நிற்கும் பெண்கள் எல்லோரும் கேட்போம்.

வெளியே நீண்ட ஜன்னலை நான் முதன்முதலில் பார்த்தது படப்பையில் ஒரு பல் டாக்டரிடம். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போயிருந்தேன். மாடியில் காத்திருக்கும் இடத்தில் நாற்காலி எல்லாம் நிரம்பிவிட்டது. ஜன்னலுக்குள் மெத்தை போட்ட ஒரு பலகை இருந்தது, அங்கே உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. எதிரே மட்டும் இல்லை, சாலையின் இரண்டு பக்கமும் தெரிந்தது. தாம்பரத்திலிருந்து வருகிற வண்டியும் தெரிந்தது, ஒரகடத்திலிருந்து வருகிற வண்டியும் தெரிந்தது. கட்டடத்துக்குள்ளேயும் இருக்கிறேன், சாலைக்கு மேலேயும் இருக்கிறேன். பல்வலி அரைமணி நேரம் நினைவிலேயே இல்லை.

அப்போது என் கணவரின் பஸ் வந்தது. அவர் கம்பெனி பஸ் டிரைவர். என் கம்பெனிக்கு இல்லை, வேறொரு தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றுகிறார். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவர் வண்டி ஓட்டி நான் வெளியிலிருந்து பார்த்ததே இல்லை. கையசைத்தால் தெரியுமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே டீக்கடை ஓரம் பஸ்ஸை நிறுத்திவிட்டார். அங்கே ஒரு ஷேர் ஆட்டோ நின்றிருந்தது, பக்கத்தில் ஒரு ஆள் போன் பேசிக்கொண்டிருந்தான். தாராளமாகப் போகலாம் என்று எனக்கே தெரிந்தது. அவர் நகரவில்லை. இடப்பக்கக் கண்ணாடியையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பின்னால் ஹாரன் மேல் ஹாரன். அந்த ஆள் பேசி முடித்துக் கடைக்குள் ஏறிய பிறகுதான் பஸ் நகர்ந்தது. இவ்வளவு பயந்து ஓட்டுகிறவரா என்று ஆச்சரியமாக இருந்தது. அதற்குள் என்னை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். அன்று முழுக்க வாயில் பஞ்சு. கேட்க நினைத்தது அப்படியே போய்விட்டது.

வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டுச் சுவர் இடுப்பு உயரம் வந்ததும் ஜன்னல் பேச்சை எடுத்தேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

"நாள் பூரா கண்ணாடி நடுவுலதான் உக்காந்துக்கினு கீறேன். வூட்லயும் அதேவா?" என்றார்.

"நீங்க உக்கார வேணாம். நான் உக்காந்துக்கறேன்."

"செவுத்துக்கு வெளிய எதுவும் நீட்டிக்கினு இருக்கக் கூடாது. இடிபடும்."

"யாருங்க வந்து இடிக்கப் போறா? காம்பவுண்டுக்கும் செவுத்துக்கும் நடுவுல அஞ்சடி கீது. அதுலதானே வரப்போவுது?"

"இடிபடும்னா இடிபடும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். பொதுவாக அவர் அப்படிப் பேச்சை வெட்டுகிற ஆள் இல்லை. செலவை நினைத்துச் சொல்கிறார் போலிருக்கிறது என்று நானாக ஒரு காரணம் வைத்துக்கொண்டேன்.

மேஸ்திரி வாலாஜாபாத் பக்கத்துக்காரர். எங்கள் இருவரையும்விட வயதில் மூத்தவர், ஆனால் என்னை எப்போதும் "ம்மா" என்றுதான் கூப்பிடுவார். போனில் சேர்த்து வைத்திருந்த படங்களை அவரிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"வெளிய தள்ற ஜன்னல்ல மூணு தினுசு கீதும்மா" என்றார். ஒரு காலி சிமெண்டுப் பையைக் கிழித்து விரித்து அதில் வரைந்தார். "இது பெட்டி. அடியில ஒரு ஸ்லாப், மேல ஒரு ஸ்லாப், ரெண்டு பக்கமும் நேரா வந்து நிக்கும். ரெண்டு நாள் வேல. இது மூணு பட்டை. நடுவுல ஒண்ணு நேரா, ரெண்டு பக்கமும் சாய்ச்சி. பலகை அடிக்கக் கொஞ்சம் பேஜாரு, ஆனா செய்லாம். இது வில்லு. அஞ்சு கண்ணாடி, வளைஞ்சாப்பல வரும். பாக்க சோக்கா இருக்கும்."

"எனக்கு வில்லுதான்."

"அது வேணாம்மா. கான்கிரீட் ஊத்தற பலகை வளையாது. கிரில்லுக்காரன் வளைச்சிக்கினு வருவான், அது வேற வளைவா இருக்கும். அப்பால ரெண்டு பேரும் சேந்து என்னைத் திட்டுவீங்கோ."

எதைச் செய்வதானாலும் சுவர் ஜன்னல் தலைமட்டத்துக்கு ஏறுவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்றார். வெளியே நீளும் ஸ்லாப்புக்குக் கம்பி உள்ளேயிருந்து இழுத்து வர வேண்டுமாம். சுவர் ஏறிய பிறகு மனசு மாறினால் இடிக்கத்தான் வேண்டும்.

எங்கள் கம்பெனியில் புது மாடல் சீட் வந்தால் முதலில் மரத்திலும் ஃபோமிலும் ஒன்று செய்து பார்ப்போம். உயரமானவர், குள்ளமானவர், பருத்தவர் என்று பலரை உட்கார வைத்து முதுகு எங்கே படுகிறது, முழங்கால் எங்கே இடிக்கிறது என்று குறித்துக்கொண்ட பிறகுதான் லைனுக்குப் போகும். இருபது நிமிஷம் உட்காராமல் சீட்டைப் பற்றி யாரும் கருத்துச் சொல்லக் கூடாது என்று எங்களுக்கு ஒரு விதியே உண்டு. வீட்டு ஜன்னலுக்கும் அதையே செய்தால் என்ன என்று தோன்றியது. ஒரகடத்தில் பழைய பேக்கிங் மரம் விற்கும் கடைகள் இருக்கின்றன. வெளிநாட்டிலிருந்து இயந்திரம் வரும் பெட்டிகளை உடைத்துப் பலகையாக அடுக்கி வைத்திருப்பார்கள்.

கணவரிடம் சொன்னேன். "சரி, செஞ்சி பாரு. பாத்தா நீயே வேணாம்னுடுவ" என்றார். அவரே ஒரு குட்டி யானை வண்டி பிடித்துப் பலகையைக் கொண்டுவந்து இறக்கினார். பலகைகளில் கோப்பைப் படமும் குடைப் படமும் அச்சடித்திருந்தன. உடையும், நனைக்காதே என்று அர்த்தம்.

முதல் ஞாயிற்றுக்கிழமை வில் ஜன்னல். முன்சுவரில் ஆறடிக்கு இடம் விட்டிருந்தோம். அதற்கு வெளியே சிமெண்டுக் கல்லை அடுக்கி, அதன்மேல் பலகை போட்டு, சுற்றிலும் கட்டைகளை நிறுத்திக் கயிற்றால் கட்டினோம். மேஸ்திரிக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது. தன் வேலை நாளில் சேராது என்று சொல்லிக்கொண்டே உதவி செய்தார். தெருவில் நின்று பார்த்தால் அந்த மரச்சட்டமே அழகாகத்தான் இருந்தது. உள்ளே போய் உட்கார்ந்தேன். முதுகைச் சாய்க்க இடமில்லை. எங்கே சாய்ந்தாலும் இரண்டு கண்ணாடிக்கு நடுவில் வரும் கட்டை சரியாக முதுகெலும்பில் வந்து குத்தியது. என் மகள் உட்கார்ந்து பார்த்தாள், ஐந்து நிமிஷத்தில் எழுந்துவிட்டாள். கடைசியில் மேஸ்திரியையும் உட்காரச் சொன்னேன்.

"முதுவ எங்கம்மா வெக்கறது? இதுல குருவிதான் உக்காரும்" என்றார்.

அத்துடன் வில் ஜன்னலை விட்டுவிட்டேன். அது தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பதற்கு. உட்காருகிறவளுக்கு அல்ல.

இரண்டாவது ஞாயிறு பெட்டி ஜன்னல். காலையிலேயே கட்டி முடித்துவிட்டோம். இரண்டடி வெளியே, இரண்டு பக்கமும் நேர்ப் பலகை. பக்கப் பலகையில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டினால் எதிர்ப் பலகை வரை வசதியாகப் போனது. பக்கத்தில் கண்ணாடி வரும் இடத்தில் பலகை அடிக்காமல் விட்டிருந்தோம். அதன் வழியே தெருமுனை வரை தெரிந்தது. நான் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் லாரி வந்தது. கீரைக்காரம்மா வந்தார். எதிர்மனையில் யாரோ வந்து டேப் பிடித்து அளந்துவிட்டுப் போனார்கள். இதுதான், முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். மேஸ்திரி சாப்பிடப் போனார். மகள் டியூஷனுக்குக் கிளம்பினாள்.

மத்தியானம் என் கணவர் ஒரு ஓ.டி. ட்ரிப் முடித்துவிட்டு வந்தார். காக்கிச் சட்டையைக்கூட மாற்றவில்லை. பைக்கை நிறுத்திவிட்டு, காம்பவுண்டுக்கும் ஜன்னலுக்கும் நடுவே இருந்த மூன்றடி வழியில், ஒரு பக்கம் கொட்டியிருந்த ஜல்லியைப் பார்த்தபடி நடந்து வந்தார். பெட்டியின் முனை அவருடைய இடது தோளில் இடித்தது. பெரிய இடி இல்லை. கட்டிய கயிறு அவிழ்ந்து ஒரு கட்டை கீழே விழுந்தது, அவ்வளவுதான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அம்மாம் பெரிய பஸ்ஸ ஓட்றவரு, ஒரு பலகையில போய் மோதிட்டீங்களே" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. தோளைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு அங்கே அடுக்கியிருந்த சிமெண்டு மூட்டைமேல் உட்கார்ந்தார். எலும்பில்தான் அடிபட்டுவிட்டதோ என்று பயந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"ரொம்ப வலிக்குதா?"

"எனக்கு ஒண்ணும் ஆவல." பாட்டிலை வாங்கினார், குடிக்கவில்லை. "இதே எடம். அவனுக்கும் இதே தோள்பட்டைதான்."

"யாருக்கு?"

அப்போதுதான் சொன்னார். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் நடந்தது. காலை ஷிப்டுக்கு ஆள் ஏற்றும் நேரம், வாடகை அறைகள் நெருக்கமாக இருக்கும் ஒரு சந்து. ஒரு பக்கம் தண்ணீர் லாரி நின்றுவிட்டது. மறுபக்கம் சுவரோரமாகத் தொழிலாளர்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். இவர் பஸ்ஸை மெதுவாக உருட்டிக்கொண்டு வந்திருக்கிறார். வரிசையில் ஒருவன் போன் வந்ததென்று திரும்பியிருக்கிறான். பஸ்ஸின் இடப்பக்கக் கண்ணாடி, வெளியே நீட்டிக்கொண்டிருக்குமே, அது அவன் தோளில் அடித்துவிட்டது. காரை எலும்பு முறிந்துவிட்டது.

"அவனே சூப்பர்வைசராண்ட சொல்லிட்டான், நான்தான் கவனிக்காம திரும்பிட்டேன், அண்ணன் மேல தப்பு இல்லன்னு. கேஸு கீஸு ஒண்ணும் ஆவல. எழுதிக் குடுத்துட்டான்."

"அப்புறம் இன்னா? உங்க மேல தப்பு இல்லன்னுதானே அர்த்தம்?"

அவர் என்னைப் பார்க்காமல் ஜல்லியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் அவன கண்ணாடியில பாத்தேன். நிக்கறது தெரிஞ்சிது. ஒதுங்கிடுவான்னு நெனச்சேன். டைமாவுதுன்னு நிறுத்தல."

இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அந்தத் தொழிலாளி சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்தவன், கான்ட்ராக்டில் இருந்தவன். மூன்று மாதம் கையைத் தூக்க முடியாமல் அறையில் கிடந்திருக்கிறான். அந்த மூன்று மாதமும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இவர் ஓட்டலில் இட்லி வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்து, அவன் துணியைத் துவைத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறார். என்னிடம் ஞாயிறு ட்ரிப் என்று சொல்லியிருந்தார். நானும் நம்பியிருந்தேன். பிறகு அவன் வேலையை விட்டு ஊருக்கே போய்விட்டான்.

எனக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை, கோபம்தான். "மூணு மாசம் ஒருத்தன் துணிய தொவச்சிருக்கீங்க, என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. நான் வூட்ல ஆக்கிக் குடுத்திருக்க மாட்டேனா? இன்னாத்துக்கு மறைச்சீங்க?"

"நீயும் தெனம் கம்பெனி பஸ்லதான் போற. புருஷனே இப்படின்னா மத்த டிரைவர எப்படி நம்புவ?"

கீழே விழுந்த கட்டையை எடுத்துச் சுவரில் சாய்த்துவிட்டு, வீட்டுக்குப் போகலாம் என்றேன். அந்த வாரம் அவரிடம் நான் சரியாகப் பேசவில்லை. சாப்பாடு வைத்தேன், டிபன் கட்டினேன், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை கம்பெனி பஸ்ஸில் வழக்கமாக உட்காரும் நடு சீட்டை விட்டு முன்னால் போய் உட்கார்ந்தேன். டிரைவர் பார்க்கும் இடப்பக்கக் கண்ணாடி அங்கிருந்து எனக்கும் கொஞ்சம் தெரிந்தது. வழியெல்லாம் ஓரத்தில் ஆட்கள் நின்றார்கள். கண்ணாடியில் பார்க்கும்போது எல்லோரும் சின்னதாக, எட்ட நிற்பதுபோலவே தெரிந்தார்கள். திரும்பி நேராகப் பார்த்தால் கை எட்டும் தூரத்தில் நின்றார்கள். நான்கைந்து முறை மாற்றி மாற்றிப் பார்த்தேன். அந்த டீக்கடை ஓரத்தில் அவர் ஏன் நிறுத்தினார் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. இப்படி ஒரு கண்ணாடியை நம்பி, இவ்வளவு பேரை உரசாமல், ஒரு நாளைக்கு இத்தனை தடவை போய்வருகிறார்கள். என் கோபம் ஒரேயடியாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது நானே ஆரம்பித்தேன்.

"ஜன்னல் வேணாங்க. செவுத்தோட சாதாரண ஜன்னலே வெச்சிடலாம்."

அவர் தட்டிலிருந்து நிமிர்ந்தார். "நான் இன்னாத்துக்கோ சொன்னா, நீ இன்னாத்துக்கு அத விடற? பதினோரு வருஷம் அந்த ரூம்ல இருந்தவ நீ. வை. முனை மட்டும் வேணாம்."

மூன்றாவது ஞாயிறு அவர் விடுப்பு எடுத்துக்கொண்டார். மூன்று பட்டை ஜன்னலை அவரே நின்று கட்டினார். நடுப் பலகை நேராக, இரண்டு பக்கப் பலகைகளும் சாய்வாக. கட்டியதும் பைக்கை வெளியே எடுத்துப் போய்விட்டு மறுபடி உள்ளே தள்ளிக்கொண்டு வந்தார். ஹாண்டில்பார் உரசுகிறதா என்று பார்த்தார். பிறகு கையில் காய்கறிப் பையோடு நடந்தார், ஒரு காலி சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். ஜன்னலைப் பார்க்காமல் வேறு எங்கோ பார்த்தபடி நடந்தார். மேஸ்திரி என்னிடம் வந்து மெதுவாக, "சாருக்கு இன்னா ஆச்சும்மா? மொதல்ல ஜன்னலே வேணான்னாரு, இன்னிக்கி என்னைவிட அதிகமா அளக்கறாரு" என்றார். அவருக்கு ஒரு காபி வாங்கிக்கொடுத்துப் பேச்சை மாற்றினேன்.

பக்கப் பலகைகளின் சாய்வை இன்னும் கொஞ்சம் கூட்ட வேண்டும் என்று அவர் சொல்ல, நடுப்பட்டை நாலடியிலிருந்து மூன்றரை அடியானது. இரண்டடி நீட்டலும் ஒன்றே முக்கால் அடியானது. அதில் நான் உட்கார்ந்து பார்த்தேன். பெட்டி அளவு வசதி இல்லை. முதுகைச் சாய்வுப் பலகையில் வைத்தால் முகம் தெருவுக்கு இல்லாமல் வீட்டுப் பக்கம் திரும்பிவிடுகிறது. தெருவைப் பார்க்கக் கழுத்தைத் திருப்ப வேண்டும். கால் முழுதாக நீட்ட முடியாது, மடக்கித்தான் வைக்க வேண்டும். இருபது நிமிஷ விதிப்படி உட்கார்ந்தே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று தெரிந்தது. அங்கிருந்து பார்த்தால் கூடம் முழுவதும், அதற்கு அப்பால் சமையலறைக்கு விட்டிருந்த இடமும் தெரிந்தன. அங்கே நின்று சிகரெட் பெட்டியைத் தேடிக்கொண்டிருந்த மேஸ்திரியும் தெரிந்தார். தெருவையும் பார்க்கலாம், உள்ளே இருப்பவர்களோடு பேசிக்கொண்டும் இருக்கலாம். பெட்டியில் உட்கார்ந்திருந்தபோது வீடு எனக்குப் பக்கவாட்டில் போய்விட்டிருந்தது.

"இதுவே இருக்கட்டும்" என்றேன்.

"நெஜமாவா, இல்ல எனக்காகவா?" என்றார்.

"ரெண்டும்தான்" என்றேன். அது உண்மை.

சுவர் ஏறியது, கம்பி கட்டினார்கள், இரண்டு ஸ்லாப்பும் ஊற்றினார்கள். மூன்று பட்டைக்குப் பலகை அடிக்கப் பேஜாரு என்று மேஸ்திரி சொன்னது சரிதான், ஐந்து நாள் ஆனது. ஊற்றிய கான்கிரீட்டுக்குத் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும். வேலை முடிந்து திரும்பும் வழியில் இருவரும் மனைக்குப் போய் அதைச் செய்துவிட்டு வருவோம். அப்படி ஒரு சாயங்காலம், அவர் ஓஸ் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது கேட்டேன்.

"அந்தத் தம்பி இப்ப எப்படி கீறான்னு எப்பவாச்சும் கேட்டீங்களா?"

"நம்பரு கீது. போடல."

"ஏன்?"

"கை சரியாவலன்னு சொல்லிட்டான்னா?"

நம்பரைக் கேட்டு வாங்கி நானே போட்டேன். போனை ஸ்பீக்கரில் வைத்தேன். எடுத்தவனிடம் நான் யார் என்று சொன்னேன்.

"மதினியா பேசுதிய?" என்றான். "அண்ணாச்சி நல்லா இருக்காகளா? அவுகளுக்கு ஒண்ணும் இல்லியே?"

ஏதோ கெட்ட செய்தி சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறேன் என்று பயந்துவிட்டான். இல்லை, சும்மாதான், உன் தோள்பட்டை எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"கை தலைக்கு மேல முழுசா ஏறாது மதினி. சட்டை போட இந்தக் கையத்தான் மொதல்ல விடணும். மத்தபடி ஒண்ணும் இல்ல. மாமா கடையில இருக்கேன், பைக் ஓட்டுதேன், சாமான் ஏத்தி எறக்குதேன்." பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான். "அண்ணாச்சிட்ட ஒண்ணு சொல்லணும். அவுக வாங்கியாற இட்லிக்கு ஒரு நாளும் சாம்பார் காணாது. நான் பக்கத்து ரூம்ல கடன் கேப்பேன்."

நான் சிரித்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் இவர் ஓஸைக் கீழே போட்டுவிட்டு நின்றிருந்தார். தண்ணீர் ஜல்லிக்குள் ஓடிக்கொண்டிருந்தது. போனை நீட்டினேன். வாங்கினார். என்னென்னவோ சொல்வார் என்று நினைத்தேன்.

"சாப்டியா?" என்றார்.

அந்தப் பக்கம் ஏதோ சொன்னான். இவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். பிறகு ஸ்பீக்கரை அணைத்துவிட்டுத் தெருப்பக்கமாக நடந்து போய்விட்டார். நான் குழாயை மூடிவிட்டுக் காத்திருந்தேன். திரும்பி வரக் கால் மணி நேரம் ஆனது. என்ன பேசினீர்கள் என்று நான் கேட்கவில்லை. மாதம் ஒருமுறை இப்போதும் பேசிக்கொள்கிறார்கள். கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிட்டோம். மாமா கடையில் ஆள் இல்லை என்று அவனால் வர முடியவில்லை. ஒரு பை நிறைய வேர்க்கடலையைப் பஸ்ஸில் போட்டு அனுப்பியிருந்தான்.

குடிவந்த முதல் மழைக்கு ஜன்னல் ஒழுகியது. சாய்வுப் பட்டையும் நடுப்பட்டையும் சேரும் இடத்தில் மேலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்கி, நான் கடையில் அளவு சொல்லி வெட்டி வாங்கிய ஃபோம் மெத்தை ஊறிவிட்டது. மேஸ்திரியைக் கூப்பிட்டோம். குடையோடு வந்தார். பார்த்துவிட்டு, மேல் ஸ்லாப்புக்கு வெளிப்பக்கம் சரிவு போதவில்லை, தப்பு தன்னுடையதுதான் என்று அவரே சொன்னார். மழை விட்டதும் சரிவு கூட்டிப் பூசி, தண்ணீர் உள்ளே திரும்பாமல் இருக்க ஸ்லாப்பின் அடியில் விரல் அகலத்துக்குப் பள்ளமாக ஒரு காடி வெட்டினார். பிறகு ஒழுகவில்லை.

ஜன்னல் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று கேட்ட என் மகள்தான் இப்போது அதில் பாதி நேரம் உட்கார்ந்திருக்கிறாள். பாடப் புத்தகம், சார்ஜர், தண்ணீர் பாட்டில் எல்லாம் அங்கேதான். நான் காலை ஷிப்ட் போகும் வாரங்களில் சாயங்காலம் வந்து, "எழுந்திரு, அம்மா உக்காரணும்" என்று சொல்லித்தான் இடம் பிடிக்க வேண்டியிருக்கிறது. பூண்டு உரிப்பது, கீரை ஆய்வது எல்லாம் அங்கேதான். அவர் அதில் உட்காருவதில்லை. கூடத்து நாற்காலியை அதன் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு டீ குடிப்பார். அவ்வளவு கிட்டே வந்ததே பெரிது.

தீராத பிரச்சினை ஒன்று இருக்கிறது, திரைச்சீலை. மூன்று பட்டைக்கும் தனித்தனிக் கம்பி. மூலையில் இரண்டு கம்பிகள் சேரும் இடத்தில் எப்படி இழுத்துவிட்டாலும் ஒரு விரல் இடைவெளி விழுகிறது. அதன் வழியாகக் காலை வெயில் நேரே டிவிமேல் அடிக்கிறது. வளைந்த கம்பி போடலாம் என்று தாம்பரத்தில் ஒரு கடைக்காரர் சொன்னார், வாங்கி வந்தோம், வளைவு சேரவில்லை. இப்போதைக்குத் துணி காயப் போடும் கிளிப் இரண்டை மாட்டி வைத்திருக்கிறேன்.